பூட்டும் ஏடும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நயினை நாகபூஷணி அம்பாளின் திருவடிகளைச் சிந்தித்து எமது சிற்றுரையைத் தொடங்குகின்றோம். ஆண்டு விழாவிலே சமயப் பொருள் ஒன்றை எடுத்துப் பேசுவது வழக்கம். செயலாளர் தம்பி வீட்டுக்கு வந்து, "ஐயா, இம்முறை களவைப் பற்றிப் பேசுங்கோ" என்று கேட்டபோது நாம் சற்றுத் திகைத்தோம். அரசாங்கக் கந்தோர்களிலே இருபத்தொன்பது வருஷம் இலிகிதராக இருந்து இளைப்பாறியவர் என்ற முறையில், கந்தோர்ச் சாமான்களை எப்படிக் காப்பது என்று எமக்குத் தெரிந்திருக்கும் என அவர் எண்ணியிருக்கலாம். உண்மையான காரணம் வேறு. சென்ற மார்கழியில் நமது வாசிகசாலையில் நடந்ததைச் சபையிலுள்ளோர் அனைவரும் அறிவீர்கள்.

திருவெம்பாவைக் காலம். விடியப்புறம் நாலு மணிக்குப் பிள்ளைகள் சங்கும் சேமக்கலமுமாக வீதிவலம் புறப்பட்டார்கள். வாசிகசாலைக் கதவைப் பூட்டித்தான் சென்றார்கள். திறப்பை வழக்கம்போல யன்னல் நிலைக்குப் பின்னால் ஆணியிற் கொழுவினார்கள். திரும்பி வந்தபோது கதவு பூட்டியபடியே இருந்தது. திறப்பும் ஆணியிலே தொங்கியது. மேசைமேல் இருந்த மடிக்கணினியைக் காணவில்லை. உண்டியலை ஒருவரும் தொடவில்லை. ஆர்மோனியம் வைத்த இடத்திலேயே இருந்தது. வந்தவன் இன்னது வேண்டும் என்று அறிந்து வந்தவன். திறப்பு எங்கே தொங்கும் என்பதையும் அறிந்தவன். அந்த ஆணியைப் பல வருஷங்களுக்கு முன்னர் அடித்தவர் வேறொருவருமல்லர், நாமே. ஆதலின் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள எமக்கு வாயில்லை.

அடுத்த கூட்டத்தில் ஓர் அன்பர் எழுந்து, "இலண்டனிலிருந்து இன்னொன்று அனுப்புவிக்கலாம், விடுங்கோ" என்றார். இயந்திரம் வரும். ஆனால் அதனுள் இருந்தவை மூன்று. ஒன்று, சங்கத்தின் கணக்கு. இரண்டு, நாம் உதவிப்பணம் கொடுக்கும் பிள்ளைகளின் பெயர், விலாசம், தாய்மாரின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம். மூன்றாவது, சிவபதமடைந்த நமது புராணிகர் ஐயா கோயிலில் இருந்து கந்தபுராணத்துக்குப் பயன் சொல்லிய ஒலிப்பதிவு. பதினான்கு ஒலிநாடாக்களிலிருந்து பொறுமையாக ஏற்றியது. அவற்றுள் மூன்று நாடா பூஞ்சணம் பிடித்துவிட்டன என்று, "கணினியில் ஏற்றியாயிற்றே" என எறிந்துவிட்டோம். சூரபன்மன் வதைப்படலம் அந்த மூன்றிலே ஒன்றில் இருந்தது.

அரசாங்கக் கந்தோர்களிலும் இதுவே நிலைமை என்பதைச் சொல்லவே இந்த வீட்டுக் கதையை முதலில் வைத்தோம். அரசுப் பொருள் ஒன்று களவு போனால் என்ன செய்யவேண்டும் என்று நிதிப் பிரமாணங்கள் விதிக்கின்றன. 104 ஆம் பிரமாணத்தின்படி விசாரணை நடக்கும். யாருடைய கவலையீனம் என்று பார்ப்பார்கள். பொருளின் பெறுமதியை அறவிடுவார்கள் அல்லது பதிவழிப்பார்கள். கதிரை களவு போனாலும் கணினி களவு போனாலும் கணக்கு ரூபாயிலே முடிந்துவிடும். கதிரைக்குள் ஒன்றும் இல்லை. பிரதேச செயலகத்துக் கணினிக்குள்ளோ அஸ்வெசும விண்ணப்பம் போட்ட குடும்பங்களின் வருமானம் இருக்கிறது. கணவனை இழந்த பெண்கள் தனித்து வாழும் வீடுகளின் விலாசம் இருக்கிறது. காணிப் பிணக்குகள் இருக்கின்றன. அவற்றின் பெறுமதியை எந்த ரூபாயில் எழுதுவது?

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லுகின்றோம். முன்னாட் படைவீரர் நலன் பார்க்கும் திணைக்களம் ஒன்று அங்கே உண்டு. அதன் உத்தியோகத்தர் ஒருவர் வேலையை வீட்டிலிருந்து செய்வதற்காகத் தரவுகளைக் கொண்டுபோவார். 2006 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆந் தேதி மேரிலண்ட் மாநிலத்தில் உள்ள அவர் வீட்டிலே கள்ளர் புகுந்து மடிக்கணினியையும் அதனோடு இருந்த சேமிப்புத் தட்டையும் எடுத்துச் சென்றனர். அதற்குள் 2 கோடி 65 இலட்சம் பேரின் பெயரும் பிறந்த தேதியும் சமூகக் காப்புறுதி இலக்கமும் இருந்தன. ஒன்றேனும் மறைகுறியாக்கப்பட்டிருக்கவில்லை. திணைக்களத் தலைவருக்கே பதின்மூன்று நாள் கழித்துத்தான் செய்தி போயிற்று. பொதுமக்களுக்கு மே 22 இல். யூன் கடைசியில் கணினி அகப்பட்டது. தரவைத் திறந்து பார்த்ததற்கு அடையாளம் இல்லை என்று புலனாய்வுப் பிரிவினர் கூறினர். ஆயினும் 2009 இல் 2 கோடி டொலர் கொடுத்தே வழக்கைத் தீர்த்தார்கள். அந்தத் திணைக்களத்தின் வாசலில் காவலாளி இல்லாமலா இருந்திருப்பார்? கட்டடத்துக்குப் போட்ட பூட்டு, கட்டடத்தை விட்டு வெளியே போன பெட்டியை என்ன செய்யும்?

நமது தீவகத்திலே இது இன்னும் கூர்மையான விஷயம். நெடுந்தீவிற் கடமை செய்யும் உத்தியோகத்தர் பலர் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வருபவர்கள். பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவானில் இறங்கிப் படகேறவேண்டும். பஸ்ஸிலே பை காலடியில். படகிலே ஏனையோர் சாமான்களோடு ஒரு குவியலில். கடல் எழும்பினால் பையைப் பார்ப்பதா, பக்கத்திலிருக்கும் பிள்ளையைப் பிடிப்பதா? கணினி கந்தோரில் இருக்கும் நேரத்திலும் பார்க்க வழியில் இருக்கும் நேரத்திலேதான் களவுக்கும் கடலுக்கும் அதிகம் இடம் கொடுக்கிறது.

இங்கே இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். "கணினிக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறோம்" என்று பலர் மன ஆறுதல் கொள்ளுகிறார்கள். 2012 ஒக்ரோபரில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் உத்தியோகத்தர் ஒருவருடைய பூட்டிய மோட்டார்க் காருக்குள் இருந்து மடிக்கணினி களவு போயிற்று. அதற்கும் கடவுச்சொல் இருந்தது. என்ன பயன்? கடவுச்சொல் மாத்திரம் என்பது படலைக்குப் போட்ட கொக்கி. உள்ளே இருக்கும் தட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பொருத்தினால், வேலியைப் பிரித்துக்கொண்டு வளவுக்குள் வந்ததுபோல, எல்லாவற்றையும் வாசிக்கலாம். மறைகுறியாக்கம் என்பது வேறு. தட்டிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் ஒரு திறவுகோலைக் கொண்டு கலைத்து எழுதப்படுகிறது. திறவுகோல் இல்லாதவனுக்கு அது மணலில் நண்டு கீறிய கோடு. விண்டோசில் பிட்லொக்கர் என்றும், அப்பிள் கணினியில் பைல்வோல்ட் என்றும் இதற்குப் பெயர். பல கணினிகளில் இது வாங்கும்போதே உண்டு, போட்டுவிட வேண்டியதுதான். நாசாவிலும் அதன் பின்னரே, தட்டு முழுவதையும் மறைகுறியாக்காத மடிக்கணினி கட்டடத்துக்கு வெளியே போகக்கூடாது என்று கட்டளை பிறந்தது.

இன்னொன்று. மூடியைச் சாத்திவிட்டால் கணினி நித்திரை கொள்ளுகிறதேயன்றி அணைவதில்லை. நித்திரையில் இருக்கும் கணினியின் நினைவகத்தில் அந்தத் திறவுகோல் விழித்துக்கொண்டே இருக்கும். பையில் வைப்பதாயின் முற்றாக அணைத்துவிட்டு வைக்கவேண்டும். மறைகுறியாக்கும்போது ஒரு நீண்ட மீட்பு இலக்கத்தை அது தரும். அதனைக் கடதாசியில் எழுதி வேறோர் இடத்தில் பூட்டிவைக்கவேண்டும். கணினிப் பைக்குள்ளேயே வைத்தவர்களை நாம் கண்டிருக்கின்றோம். அதுவும் ஓர் ஆணியிற் கொழுவிய திறப்பே.

கட்டடக் காவலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஓட்டுக் கூரையிலே ஓட்டை எடுத்து இறங்கும் வித்தை நம்மூரில் பழையது. உப்புக்காற்று இரும்புப் பூட்டைத் தின்னும்; பித்தளைப் பூட்டே நெடுநாள் நிற்கும். மடிக்கணினியை மேசையோடு பிணைக்கும் உருக்குக் கயிறு விற்கிறார்கள். அதை வெட்டலாம், ஆனால் வெட்ட நேரம் பிடிக்கும். பூட்டு என்பது கள்ளனைத் தடுப்பதன்று, அவனைத் தாமதிக்கச் செய்வதே. இயந்திரத்தின் தொடரிலக்கத்தைப் பதிவேட்டில் எழுதிவையாதவர் பொலிசிலே போய் "ஒரு கறுப்புக் கணினி" என்று சொல்லி நிற்க நேரிடும். அப்படி நின்றவர்களும் நாமே.

ஆனால் பூட்டிலும் கடினமான ஒன்று உண்டு. கந்தோருக்குள் வருபவரை "நீங்கள் ஆர், ஆரைப் பார்க்க வந்தனீங்கள்?" என்று கேட்பது நமது தீவகத்தில் மரியாதைக் குறைவு. வாசலில் நிற்கும் காவலாளிக்கு வருபவர் எல்லாரும் மாமா, மச்சான், சின்னையா. கேட்டுவிட்டால், "என்னை ஆரெண்டு தெரியாதோ, உன்ரை கொப்பரைக் கேட்டுப்பார்" என்று சினம். மத்தியானம் உத்தியோகத்தர் சாப்பிடப் போவார். கணினி திறந்தபடி மேசையிலே கிடக்கும். உறவினர் ஒருவர் உள்ளே வந்து கதிரையில் இருந்து காத்திருப்பார். தொண்ணூற்றொன்பது பேர் நல்லவர்களே. இச்சபையிலுள்ள பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம்: அடுத்தமுறை கந்தோர் வாசலில் ஒரு பையன் உங்களை மறித்துப் பெயர் எழுதச் சொன்னால், கோபியாமல் எழுதுங்கள். நீங்கள் எழுதினால்தான், எழுத விரும்பாதவனை அவன் மறிக்க முடியும்.

இனிப் பிரதியைப் பற்றிச் சொல்லவேண்டும். எமது மனத்தை மிகவும் வருத்தியதும் இதுவே.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலிற் கோட்டை ஒன்று நிற்பதை நீங்கள் தினமும் காண்கிறீர்கள். ஒல்லாந்தர் அதனை ஹம்மன்ஹீல் என்றனர். 1658 இல் பறங்கியரிடமிருந்து அதை அவர்கள் பிடித்தபோது, உள்ளே இருந்தவர்களைச் சரணடையச் செய்தது மதிலின் பலவீனமன்று. குடிநீர் இல்லாமற் போனதே. சுற்றிவரக் கடலும் மதிலும் காவலும் இருந்தும், ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஒன்று போனதும் எல்லாம் போய்விடுகின்றது.

நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டை இளைஞர் பலர் கண்டிருக்கலாம்; வாசித்தவர் சிலரே. 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது நமது ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும் என்று அது கூறுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபப் பண்டம் கொண்டுவருங் கலம் உடைந்தால் சரிபாதி. வேந்தனுடைய விதி இவ்வளவே. ஆனால் இலிகிதராக இருந்த எமக்கு அதன் முடிவுப் பகுதியே இனிக்கின்றது. சந்திர சூரியர் உள்ளவரை இந்த ஒழுங்கு நிற்கவேண்டுமென்று அதனைக் கல்லிலும் செம்பிலும் எழுதுவித்ததாக அது தானே சொல்கிறது. ஒரே கட்டளைக்கு இரண்டு பிரதி. இரண்டும் வெவ்வேறு பொருளில். செம்பை உருக்கலாம்; கல்லை உருக்க முடியாது. கல்லைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. செம்பேட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். எண்ணூறு வருஷத்துக்கு மேலாகியும் நாம் அதனை வாசிக்கின்றோம் என்றால் அந்தக் கல்லினாலேதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். நொத்தாரிசு அதனை எழுதும்போது மூலம் உங்களுக்கு. ஒரு படி அவருடைய கோவையில். இன்னொரு படி அடுத்த மாதம் காணிப் பதிவகத்துக்கு. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவக மக்களிற் பெரும்பாலோர் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை, உறுதி இருந்த பெட்டகமும் இல்லை. பதிவகத்துப் படியிலிருந்து அத்தாட்சிப் பிரதி பெற்றுக் காணியை நிலைநாட்டியவர்கள் இச்சபையிலேயே இருக்கின்றீர்கள். பிரதி இல்லாதவற்றுக்கு என்ன நேரும் என்பதையும் நாம் அறிவோம். 1981 மே 31 இரவும் யூன் 1 உம் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூல்களிற் பலவற்றைத் திரும்ப வாங்கினார்கள். ஏட்டுச் சுவடிகளை எந்தக் கடையில் வாங்குவது?

பழைய கந்தோர்க்காரர் கைவலிக்க மூன்று படி எழுதினார்கள். கணினி வந்ததும், ஒரு விரலசைவில் நூறு படி எடுக்கலாம் என்ற நிலையில், ஒரு படிகூட எடுக்க மறந்துவிட்டோம். இது தீவகத்துச் சிறு சங்கத்தின் குறை மாத்திரமன்று. 2023 ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்கத்தின் கணினி முகிலைக் கப்பம் கேட்கும் நச்சு நிரல் தாக்கிற்று. ஏறக்குறைய 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்துபோன கடிதங்களுக்கு வேறு பிரதி இல்லை. அவை போனவை போனவையே. அங்கே ஒருவனும் கதவை உடைக்கவில்லை. எடுத்துவைத்த பிரதியும் அதே தொடர்பில் இருந்தபடியால் அதுவும் சேர்ந்து கெட்டது. செம்பேட்டையும் கல்லையும் ஒரே அறையில் வைத்தால் இப்படித்தான்.

"அப்படியானால் எல்லாவற்றுக்கும் பத்துப் பிரதி எடுத்து எல்லாரிடமும் கொடுத்துவிடுவோம்" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. புராணிகர் ஐயாவின் குரலுக்கு அதுவே சரி, உலகெங்கும் பரவட்டும். ஆனால் பெயர்ப் பட்டியலுக்கு அது சரியன்று. நமது சமூகத்துக்குப் பட்டியல் என்றால் என்ன என்று வயதுவந்தவர்களுக்குத் தெரியும். 1983 யூலையில் கொழும்பிலே கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டல்லவா தமிழர் வீடுகளைத் தேடின? வாக்களிப்பதற்காக எழுதிய ஏடுதான். எழுதியவர் ஒருவர்; எடுத்துவந்தவர் வேறொருவர். தனித்து வாழும் பெண்களின் வீட்டுப் பட்டியல் களவுக் கணினியோடு எவன் கையிலோ இருக்கிறது என்பதை நினைக்கும்போது எமக்கு நித்திரை வருவதில்லை. நமது சங்கத்துப் பட்டியலும் அத்தகையதே; உதவிப்பணம் பெறும் பிள்ளைகளுள் பாதிப்பேர் தந்தையில்லாதவர்கள்.

ஆகவே அழிவுக்கு அஞ்சினால் பிரதி பெருகவேண்டும். அந்நியன் கைக்கு அஞ்சினால் பிரதி குறையவேண்டும். இந்த இரண்டு அச்சங்களும் எதிர்ப்புறமாக இழுக்கின்றன. ஒரு வழிதான் எமக்குப் புலப்படுகிறது. பிரதி எடுக்கலாம், தூரத்தில் வைக்கலாம், ஆனால் மறைகுறியாக்கி வைக்கவேண்டும். திறவுகோலை அறிந்தவர் இருவருக்கு மேற்படக்கூடாது, ஒருவராகவும் இருக்கக்கூடாது. தேவையில்லாத விபரத்தை எழுதாமலே விடுவது இதனினும் சிறந்தது. உதவிப்பணத்துக்குத் தாயின் அடையாள அட்டை இலக்கம் எதற்கு என்று இப்போது எம்மையே கேட்கின்றோம். யாரோ ஒரு படிவத்தில் இருந்ததைப் பார்த்து நாமும் கேட்டோம், அவ்வளவே. அரசாங்கமும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியிருக்கிறது. அது முற்றாக நடைமுறைக்கு வருவதிற் தாமதங்கள் நேர்ந்தபோதிலும், பிறர் விபரத்தைத் தேவைக்கு மேல் சேர்க்கக்கூடாது, சேர்த்ததைக் காக்கவேண்டும், கைதவறினால் அறிவிக்கவேண்டும் என்பன அதிலே எழுதப்பட்டுள்ளன.

கைதவறினால் அறிவிப்பது! இதிலேதான் நாம் மிகவும் தவறினோம். களவு நடந்த அன்று பொலிசில் முறைப்பாடு செய்தோம். பிள்ளைகளின் தாய்மாருக்கோ மூன்று கிழமை சொல்லவில்லை. "ஊரிலே கதை பரவும், வெளிநாட்டு அன்பர்கள் காசு அனுப்பமாட்டார்கள்" என்று செயற்குழுவிலே பேசப்பட்டது. அதற்குத் தலையாட்டியவர்களுள் நாமும் ஒருவர். அந்த மூன்று கிழமைக்குள் ஒரு தாய்க்கு "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று தொலைபேசி வந்ததாம். அது நமது பட்டியலால் வந்ததோ, பொதுவாக எல்லாருக்கும் வரும் மோசடி அழைப்போ, யார் சொல்ல வல்லார்? அவர் ஒன்றும் கொடுக்கவில்லை, புத்திசாலி. முதல்நாளே சொல்லியிருந்தால் அவர் அந்தக் குரலைக் கேட்டு நடுங்கியிருக்கவேண்டியதில்லை. அவர் இன்று இச்சபையில் இருக்கிறார். எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

ஆணியைப் பிடுங்கிவிட்டோம். திறப்பு இரண்டு, ஒன்று தலைவரிடம், மற்றது வாசிகசாலைப் பொறுப்பாளரிடம். புதிய கணினி வந்திருக்கிறது, மறைகுறியாக்கியாயிற்று. மீட்பு இலக்கம் எழுதிய கடதாசி கோயில் தர்மகர்த்தா அவர்களின் இரும்புப்பெட்டியில் இருக்கிறது. கணக்கின் பிரதி ஒவ்வொரு பூரணைக்கும் ஒரு சிறு தட்டில் எடுக்கப்பட்டு, யாழ்ப்பாணத்தில் உள்ள ஓர் உறுப்பினர் வீட்டில் வைக்கப்படுகிறது. எடுத்தபின் அந்தத் தட்டைக் கணினியில் விட்டுவைப்பதில்லை.

புராணிகர் ஐயாவின் நாடாக்களிற் பதினொன்று எஞ்சியிருக்கின்றன. திரும்ப ஏற்றவேண்டும். நாடா ஓட்டும் பெட்டி ஒன்றை ஒரு பெரியவர் தந்திருக்கிறார். அதன் பட்டி தளர்ந்திருக்கிறது, மாற்றவேண்டும். சூரபன்மன் வதைப்படலம் படித்த அன்று யாராவது தம் வீட்டிலும் பதிவுசெய்திருந்தால், கொழும்பிலோ கனடாவிலோ உங்கள் பிள்ளைகளிடம் ஒரு நாடா கிடந்தால், அருள்கூர்ந்து அறிவியுங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். ஏற்றும் வேலைக்கு நான்கு இளைஞர் தேவை. கூட்டம் முடிந்ததும் வாசிகசாலையிலே பெயரைக் கொடுக்கலாம். கடைசிப் படகுக்குப் போகவேண்டியவர்கள் இப்போதே போய்க் கொடுத்துவிட்டுப் புறப்படலாம், நாம் கோபிக்கமாட்டோம்.